டிவியைக் கேட்கும் மீட்டர், அம்மாவைக் கேட்பதில்லை

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரும்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று சீரியல், இன்னொன்று அம்மா. "கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேக்கிறா பாரு, இதுகூடத் தெரியல அவனுக்கு." "நேத்து சொன்னதையேதான் இன்னிக்கும் சொல்றான்." "இதை எழுதினவனை நிக்க வெச்சுக் கேக்கணும்." ஒன்பதரை வரைக்கும் இது ஓடும். நான் ஆபீஸ் காலில் இருந்தால் மியூட் பட்டன் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருப்பேன். அமெரிக்காவில் இருக்கும் என் கிளையன்ட்டுக்கு எந்த மருமகள் பாவம் என்பது ஓரளவு தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டு அம்மா என்னிடம் சொன்னாள்: "டேய், நீ நாள் பூரா கம்ப்யூட்டர்லதானே உக்காந்திருக்க. இவங்களுக்கு ஒரு கடுதாசி போடேன். மூணு வாரமா ஒரே விஷயத்தை இழுக்கிறாங்கன்னு எழுது."

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு மாலைப்பொழுது என்பதே அந்தப் பெட்டிதான். அதனால் சிரிப்பு வரவில்லை. யாருக்கு எழுதுவது, எழுதினால் யார் படிப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் கீழே இருப்பது.

அம்மாவுக்குக் கடுதாசி ஞாபகம் வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நான் பார்க்க ஆரம்பித்தது எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில், கதவு வைத்த ஒரு சாலிடேர் பெட்டியில். அதில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வரும். நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் வந்து உட்கார்ந்து நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்வார். பாராட்டும் இருக்கும், திட்டும் இருக்கும். எங்கள் தெருவில் இருந்த ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் அதற்குத் தவறாமல் போஸ்ட் கார்டு எழுதுவார். அவர் கார்டு ஒருமுறைகூட வாசிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் எழுதுவார், எதிரொலி வரும் நாளில் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. இருந்ததே தூர்தர்ஷன் மட்டும்தான். பிடிக்காவிட்டால் மாற்றவும் முடியாது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' அரை மணி நேரத்துக்காக ஒரு வாரம் காத்திருக்கணும். கொஞ்ச நேரத்தில் டெல்லி ஒளிபரப்பு வந்துவிடும், இந்தி தெரியாத எங்கள் வீட்டில் பெட்டியின் கதவைச் சாத்திவிடுவார்கள். இடையில் படம் போய்விட்டால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்த நாட்கள் உண்டு. தரம் என்று பார்த்தால் அங்கேயும் அறுவை நிறைய. ஆனால் அன்றைய வாராந்தரத் தொடர்கள் பலவும் 13 வாரத்தில் முடிந்துவிடும். முடியும் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும்.

இன்றைக்கு அம்மாவின் கடுதாசி எங்கே போகும்?

சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 2021 ஜூனில் கேபிள் டிவி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மூன்று அடுக்குப் புகார் முறை. முதலில் சேனலுக்கே எழுதணும், 15 நாளில் அவர்கள் முடிவு சொல்லணும். திருப்தி இல்லாவிட்டால் ஒளிபரப்பாளர்கள் சேர்ந்து அமைத்த சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம், அதற்கும் மேலே அரசின் மேற்பார்வை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைப் பற்றிப் புகார் சொல்லலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது: 1994ஆம் வருஷத்து விதிகளில் ஆறாவது விதி, நிகழ்ச்சி நெறிமுறை. ஆபாசம், அவதூறு, மதத்தைத் தாக்குவது, மூடநம்பிக்கையை வளர்ப்பது, பெண்களை இழிவாகக் காட்டுவது எல்லாம் அதில் வரும். மூன்று வாரம் ஒரே காட்சியை இழுப்பது வராது. அலுப்பூட்டுவது குற்றமில்லை, குற்றமாக்கவும் கூடாது. எது அலுப்பு என்று ஒரு அரசாங்கம் முடிவு செய்யும் ஊரில் நான் இருக்க மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலின் முதல் வரியே நல்ல ரசனைக்கும் நாகரிகத்துக்கும் விரோதமாக எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான். நல்ல ரசனை! அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அதைப் போட்டே எழுது" என்றாள். போட்டு எழுதினேன். அந்தக் கதை கடைசியில்.

சரி, சேனல்காரர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள்? எல்லாருக்கும் தெரிந்த பதில், டிஆர்பி. அதை அளப்பது பார்க் இந்தியா என்கிற அமைப்பு. 2015 ஏப்ரலில் இருந்து புள்ளிவிவரம் தருகிறார்கள். இதன் வேலை முறை எனக்குத் தொழில்ரீதியாகவே சுவாரசியமானது. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகிறது, மனிதக் காதுக்குக் கேட்காது. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். அது அந்தக் குறியீட்டைக் கேட்டு, எந்தச் சேனல் எந்த நிமிஷம் ஓடியது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டன் உண்டு. உட்காரும்போது அமுக்கணும், எழுந்து போகும்போது மறுபடி அமுக்கணும்.

நம் மக்களின் முதல் புகார், "எங்க வீட்ல மீட்டரே வைக்கலையே, யாரைக் கேட்டு முதலிடம்னு சொல்றாங்க?" என்பது. மத்திய அரசு 2025 ஜூலையில் சொன்ன கணக்குப்படி நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடுகள், மீட்டர்கள் சுமார் 58,000. ஏறத்தாழ 4,000 வீட்டுக்கு ஒன்று. எங்கள் குடியிருப்பு, பக்கத்துக் குடியிருப்பு, எழில் நகர் அடுக்குமாடிகளில் ஒரு பங்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வீடு பேசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டால் அநியாயமாகத் தெரியும். ஆனால் இந்தப் புகாரில் பாதிதான் சரி. குழம்பில் உப்பு பார்க்க ஒரு சொட்டு போதும், நன்றாகக் கலக்கியிருந்தால். உதாரணத்துக்கு 4,000 மீட்டர் வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு சீரியலை 20 சதவீத வீடுகள் பார்க்கின்றன என்றால், மாதிரிக் கணக்கெடுப்பின் பிழை ஒன்றேகால் சதவீதத்தைத் தாண்டாது. 19 இருக்கலாம், 21 இருக்கலாம். அது போதும். அதே மீட்டர்களில், அரை சதவீத வீடுகள் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியை எடுங்கள்: ஒரு நாடகம், ஒரு வரலாற்றுத் தொடர், ஒரு நல்ல பேட்டி. அரை சதவீதத்தில் கால் சதவீதம் அளவுக்குப் பிழை வரும். இந்த வாரம் 0.7, அடுத்த வாரம் 0.3. நிகழ்ச்சியில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனால் விளம்பரம் விற்கும் ஆள் அதைப் பார்த்து "பாதிக்குப் பாதி விழுந்துடுச்சு சார்" என்பான். தமிழ்நாட்டில் அரை சதவீதம் என்பதே பெரிய கூட்டம். அந்தக் கூட்டம் இருப்பதை நிரூபிக்க வழியில்லாமல் அது காணாமல் போகிறது. என் தேடலில் எனக்கே புதிதாகத் தெரிந்தது இதுதான். மீட்டர் பெரியதைச் சரியாகவே அளக்கிறது. சிறியதைத்தான் இரைச்சலாக மாற்றிவிடுகிறது.

இன்னொரு பாதிக்கு வருவோம். மீட்டர் அளப்பது என்ன? எத்தனை பேர், எத்தனை நிமிஷம். இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள். நூறு பேர் பத்து நிமிஷம் ரசித்துப் பார்த்துவிட்டு அணைத்தால் அரை மணி நிகழ்ச்சிக்கு 33 பேர் கணக்கு. டிவியை ஓடவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, நாற்பது பேர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் 40 பேர் கணக்கு. கீரை ஜெயித்துவிடும்.

நான் எழுதும் மென்பொருளில் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் பயனர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று அளந்தோம். நேரம் கூடிக்கொண்டே போனது, டீமில் கேக் வெட்டினோம். பிறகு பார்த்தால், தேடியது கிடைக்காமல் ஜனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களுடைய எரிச்சலை நாங்கள் ஈடுபாடு என்று எண்ணியிருந்தோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சீரியலைப் பார்த்தால் அதன் இலக்கணம் புரியும். ஒரு கன்னத்தில் அறை விழுந்தால் ஏன் மூன்று முறை காட்டுகிறார்கள்? ஹாலில் நிற்கும் எட்டுப் பேர் முகத்துக்கும் ஏன் தனித்தனியாக இடி முழக்கம்? நேற்று நடந்ததை இன்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு ஏன் முழுசாக ஒப்பிக்கிறது? கண்ணால் பார்க்கிறவருக்காக எடுப்பது இல்லை இது. அடுப்படியில் இருந்து காதால் கேட்கிறவருக்காக எடுப்பது. இடிச் சத்தம் கேட்டதும் கரண்டியோடு எட்டிப் பார்க்கணும், எட்டிப் பார்க்கும்போதும் அந்த அறை விழுந்துகொண்டே இருக்கணும். இதைக் கண்டுபிடித்தவன் முட்டாள் இல்லை. தன் நேயர் எங்கே நிற்கிறார் என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பழைய காட்சி, முகங்கள், விளம்பரம் போனால் புதுசாக ஏதாவது நடப்பது அரை மணியில் பாதிக்கும் கீழே. ஒரு சேனல், ஒரு வாரம், ஒரு ஆள் எடுத்த கணக்கு, நம்பவேண்டாம். நீங்களே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள்.

இழுவைக்கு என்னிடம் இருக்கும் சிறந்த உதாரணம் 'பாரதி கண்ணம்மா'. 2019இல் விஜய் டிவியில் தொடங்கி 2023இல் முடிந்தது. கதாநாயகன் டாக்டர். தனக்குக் குழந்தை பிறக்காது என்று நம்பிக்கொண்டு மனைவியைச் சந்தேகப்படுகிறான். தீர்வு என்ன? ஒரு டிஎன்ஏ டெஸ்ட். அவன் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில். தமிழ்நாடே "எடுத்துத் தொலையேன்டா" என்று கத்தியது. கண்ணம்மா கையில் பையோடு நடந்துகொண்டே இருந்த மீம்கள் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் கத்தியது அம்மா மட்டும் இல்லை. சீரியலே பார்க்காத என் மனைவியும், "அத்தை, இன்னிக்காவது டெஸ்ட் எடுத்தானா?" என்று ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்பாள். எடுத்தால் கதை முடிந்துவிடும், ரேட்டிங் இருக்கும்வரை கதை முடியக் கூடாது. அதனால் எடுக்க மாட்டான். நிறுத்தும் நிபந்தனை கதைக்குள் இல்லை, வெளியே ஒரு அட்டவணையில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் கத்தினோம் இல்லையா, அந்தக் கத்தல் ஒவ்வொன்றும் ஒரு பார்வையாளராக எண்ணப்பட்டது.

மெகா தொடர் என்பதே இப்படித்தான், ஜனத்துக்கு இதுதான் பிடிக்கும் என்பவர்களுக்கு என் பதில் இரண்டு தொடர்கள்.

2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றுபோனபோது சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடியும் போட்டது. 2002இல் திருமுருகன் இயக்கியது, 800 எபிசோடுக்கு மேல். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நடையாய் நடக்கும் அப்பா, டெல்லி குமார். அதுவும் அழுகைத் தொடர்தான், வந்த காலத்தில் அதையும் கிண்டல் செய்தோம். டிஆர்பி அன்றைக்கும் இருந்தது. ஆனால் மறுஒளிபரப்பைப் பார்க்கும்போது அம்மா திட்டவில்லை. பேசாமல் பார்த்தாள். ஒரு நாள் விளம்பர இடைவேளையில், தன் கல்யாணத்துக்குப் பிறகு என் தாத்தா செங்கல்பட்டிலிருந்து ஒரு பை நிறைய மாங்காயோடு வந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லையாம். நாற்பத்திச் சொச்சம் வயசில் எனக்கு அது புதுச் செய்தி. அந்தச் சீரியலில் யாராவது மூன்று முறை அறை வாங்கியிருந்தால் அந்தக் கதை வெளியே வந்திருக்காது.

அதெல்லாம் பழசு என்றால், 'எதிர்நீச்சல்' 2022இல் வந்ததுதானே? படித்த பெண்களைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் அடைத்துவைக்கும் குடும்பம். ஆதி குணசேகரனாக மாரிமுத்து. வீட்டில் உத்தரவு போடும் ஆண்களின் குரல் ஏற்ற இறக்கத்தை அவர் அப்படியே பிடித்திருந்தார். வில்லனைப் பார்த்துச் சிரிக்கவும் முடிந்தது, நம் மாமா ஒருத்தர் ஞாபகம் வந்து பயப்படவும் முடிந்தது. திருச்செல்வத்தின் இயக்கம், கூர்மையான வசனம். சேனலுக்கு ரேட்டிங்கும் வந்தது. ஆக, தரமும் கூட்டமும் சேர்ந்து வரலாம். ஆனால் அதே தொடர்தான் பிறகு அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்தைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் நின்றது. எங்கள் வீட்டில் முடியாத எந்த வேலைக்கும் 'நாற்பது பர்சென்ட்' என்று பேரே வைத்துவிட்டோம். 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடரின் டப்பிங்கில் இருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய்த்தான் மாரிமுத்து இறந்தார். அன்று மாலை அம்மா டிவி போடவில்லை.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒரு எபிசோடு. எவ்வளவு திறமையானவனையும் இந்த வேகம் தின்றுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசிக்க நேரமில்லாதபோது இழுப்பதுதான் எளிது, இழுத்தால் மீட்டரும் குறை சொல்வதில்லை.

குறை சொல்லும் மீட்டர் சாத்தியமா? சாத்தியம். பிரிட்டனில் பிபிசி பல பத்தாண்டுகளாக, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, பார்த்தவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பதையும் கேட்டு வருகிறது. பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு, சராசரியை நூற்றுக்கு மாற்றி ஒரு எண்ணாகச் சொல்வார்கள். கூட்டம் குறைவு, மார்க் 85 என்றால் அந்த நிகழ்ச்சிக்காக ஒருத்தர் மீட்டிங்கில் எழுந்து வாதாட முடியும். இங்கே அதற்குக் கையில் காகிதமே இல்லை. பார்க் மீட்டரில் ஏற்கெனவே ஆளுக்கொரு பட்டன் இருக்கிறது. 'பிடிக்கலை, ஆனா பார்க்கிறேன்' என்று இன்னொன்று வைப்பது பெரிய பொறியியல் இல்லை. ஏன் வைக்கவில்லை என்றால், பார்க் அமைப்பின் பங்குதாரர்கள் யார் என்று பாருங்கள்: ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள். விளம்பர நேரத்துக்கு விலை போட அவர்களுக்கு ஒரு எண் வேண்டும், அந்த எண் கிடைக்கிறது. அம்மா அந்த வியாபாரத்தில் சரக்கு. சரக்கைப் பார்த்து உனக்குத் திருப்தியா என்று யாரும் கேட்பதில்லை.

பிடிக்காவிட்டால் சேனலை நிறுத்திவிடு என்பார்கள். 2019 பிப்ரவரியில் இருந்து வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டலாம், உண்மைதான். "நிறுத்திடட்டுமாம்மா?" என்று கேட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நிறுத்திட்டு? நீ எட்டு மணிக்கு காலை முடிப்ப. அவ ஒன்பதுக்கு வருவா. குழந்தை டியூஷன்ல இருக்கும். ஆறரைக்கு நான் யார்கிட்ட பேசறது?"

அவள் திட்டுவது எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி கேட்டது.

சேனலுக்கு எழுதிய மெயிலுக்குப் பதினோராவது நாள் பதில் வந்தது. எங்கள் நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் அளித்துவரும் தொடர் ஆதரவுக்கு நன்றி என்று இருந்தது. அது கம்ப்யூட்டர் அனுப்பிய பதில். அப்படிப்பட்ட பதில்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்த்ததும் தெரியும். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நன்றியா? எதுக்குடா?"

"நீ பாக்கிறதுக்கு."

"நான் திட்டினதை எழுதினியா இல்லையா?"

"எழுதினேம்மா."

"அப்போ இன்னொருக்கா எழுது. இந்தத் தடவை தமிழ்ல எழுது" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் தேடினாள். மணி ஆறு இருபத்தெட்டு.